மூட்டையின் அடித்துணி

கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு மூட்டையின் மேல் முழங்காலிட்டிருக்கிறாள். கீழே பதினைந்து பெண்கள் வளைத்து நிற்கிறார்கள். ஒருத்தி தன் குழந்தையை இன்னொருத்தியின் முதுகில் மாற்றிக் கட்டிவிட்டு இரண்டு கைகளையும் தயாராக வைத்திருக்கிறாள். மூட்டையை இறுக்கிக் கட்டிய பட்டைகளில் இரண்டை அறுத்ததும் அது உப்புகிறது. மூன்றாவதை அறுப்பதற்கு முன் அவள் முகத்தை வானத்துக்குத் திருப்பிக்கொண்டு வலது கையைத் தோள்வரை உள்ளே விடுகிறாள். விரல்கள் தடவித் தேடுகின்றன. ஒரு கம்பளிக் கோட்டு வருகிறது. பார்க்காமலே பின்னால் எறிகிறாள். இன்னொன்று வருகிறது. அதுவும் பின்னால் போகிறது. பிறகுதான் கடைசிப் பட்டை. துணி சரிகிறது, பெண்கள் பாய்கிறார்கள், அவள் மூட்டையின் உச்சியிலிருந்து மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கிவிடுகிறாள்.

சுரங்க ஊரான லுவான்ஷ்யாவின் சந்தையில் கடல் தாண்டி வரும் பழைய துணி விற்கும் வரிசைக்கு சலாவுலா வரிசை என்று பெயர். அதில் நான்காவது கடை மூட்டை மேல் ஏறிய இந்த பானா கசூபாவுடையது. கசூபாவின் அம்மா என்று பொருள். கசூபாவுக்கு முப்பது வயது. சோல்வெசியில் லாரி ஓட்டுகிறான். அம்மாவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டால், "அது அடையாள அட்டைக்கு" என்பாள். எதிரே பூட்டும் கீலும் விற்கும் என் கடையிலிருந்து பதினொரு வருடமாக அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பருத்த உடம்பு. இடுப்பில் சுற்றிக் கட்டிய இரண்டு சித்தெங்கே அச்சுத்துணி, அதற்கு மேல் எப்போதும் ஆண்கள் போடும் ஒரு கோட்டு. கோட்டுப் பையில் வேர்க்கடலை. துணியைத் தடவிப் பார்த்தே அது எந்த மாதிரி ஆள் போட்டது என்று சொல்வாள். "இவன் கடன் வாங்கிட்டு ஓடினவன், பாக்கெட்டு ரெண்டும் கிழிஞ்சிருக்கு பாரு." "இந்தம்மா அழுதுக்கிட்டே இருந்திருக்கா, கைப்பட்டி நைஞ்சுபோச்சு." யாரும் சரிபார்க்க முடியாத தகவல்கள். ஆனால் அந்தத் துணி உடனே விற்றுவிடும்.

மற்ற கடைக்காரிகள் மூட்டையின் அடியில் மிஞ்சுவதை எண்ணெய் துடைக்க மெக்கானிக்குகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பானா கசூபா கொடுப்பதில்லை. பனிச்சறுக்குக்குப் போடும் தடித்த கால்சட்டை ஒன்று அவளிடம் ஒரு வருடம் தொங்கியது. எல்லோரும் சிரித்தோம். கடைசியில் இறைச்சிக் கடையின் குளிரறையில் வேலை செய்யும் ஆள் வந்து கட்டிப்பிடிக்காத குறையாக வாங்கிப் போனான். ஒரு கல்யாண கவுன் எட்டு மாதம் கிடந்து, பருந்துக்குப் பயந்த ஒருவரின் கோழிக்குஞ்சுகளுக்குக் கூரை வலையாகப் போனது. அதையும் கரையேறியதாகவே சொல்கிறாள். "மூட்டை கட்டினவன் எல்லாத்தையும் யாராச்சும் போடணும்னுதான் கட்டினான். இது குப்பைக்குன்னு நெனச்சு ஒருத்தன் கப்பல்ல ஏத்துவானா?"

இந்தக் கடைசி வாக்கியம் பக்கத்துக் கடைக்காக. பக்கத்துக் கடை தையல்காரர் லாக்சன் சாக்காலா. வாங்கிய துணியை அங்கேயே பிடித்து, சுருக்கிக் கொடுப்பவர். ஒல்லி, வாயில் எப்போதும் குண்டூசிகள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளி வகுப்பறையில் கூடும் நாற்பது பேர் கொண்ட பாப்டிஸ்ட் சபைக்கு மூப்பர். கடவுள் உலகத்தைப் படைக்கும் முன்பே தமக்குரியவர்களைத் தெரிந்தெடுத்துவிட்டார், அவர்களுக்காகத்தான் கிறிஸ்து மரித்தார் என்பது அவர் சபையின் போதனை. பானா கசூபா ஊரின் பெரிய சபையில் பெண்கள் சங்கத்தின் பாட்டுத் தலைவி. கடவுள் எல்லோரையும் மீட்க நினைக்கிறார், வர மறுப்பது மனிதன்தான் என்பது அவள் கட்சி. சமயத்தில் அதையும் தாண்டி, மறுப்பவர்களைக்கூட அவர் காதைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார் என்பாள். அவள் சபைப் போதகரே அதற்குச் சம்மதிக்க மாட்டார்.

எங்கள் வரிசையில் இந்த வழக்கு தினமும் நடக்கும். மழை பெய்தால் நாள் முழுவதும். அவர் அவள் கையைப் பார்த்துக்கொண்டே இருந்து பிடித்த நாளை இன்னும் பேசுகிறோம்.

"எல்லாம் எல்லாருக்கும்னு சொல்றியே, மூட்டையப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே கைய உள்ள விட்டு எடுத்து வெக்கிறியே, அது யாருக்கு?"

"அது நம்ம வாடிக்கை டீச்சரம்மாவுக்கு."

"டீச்சரம்மா இன்னும் தூங்கியே எந்திரிக்கல. அதுக்குள்ள அவங்களுக்குக் கோட்டு எடுத்தாச்சு. நான் இத்தன வருஷமா வேற என்ன சொல்றேன்?"

வரிசையே சிரித்தது. பானா கசூபா ஜோடியில்லாத ஒரு காலுறையை உருட்டி அவர் மேல் எறிந்தாள். மறுவாரமும் கையை உள்ளே விட்டாள்.

அவளை மடக்க நானும் ஒருமுறை முயன்றேன். எல்லோரையும் என்றால், கடை வாடகை வாங்க வருகிற நகரசபை ஆளையுமா என்று கேட்டேன். வேர்க்கடலையை மென்றபடி யோசித்தாள். "அவனையுந்தான். என் பக்கத்துல உக்கார வெக்க வேணாம்னு மட்டும் சொல்லிவெப்பேன்."

அவள் பெம்பா, அவர் ங்கோனி. எங்கள் பாட்டன்மார் காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு கூட்டம். இப்போது கேலி முறை. அவள் அவரை எலிதின்னி என்பாள், அவர் அவளைக் குரங்குதின்னி என்பார், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. துக்க வீட்டில் இந்த உரிமை இன்னும் கூடும். முறைக்காரர் வந்து இறந்தவரைக் கிண்டல் செய்யலாம், பெட்டியை மறிக்கலாம், குழிக்குள் இறங்கி உட்காரலாம். கேட்டதைக் கொடுத்தால்தான் அடக்கம் நடக்கும். பெரும்பாலும் ஒரு கோழியோடு முடிந்துவிடும். சாக்காலாவின் சபைக்கு இந்த வழக்கம் பிடிக்காது. அவரே ஒரு கூட்டத்தில் எழுந்து இதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார்.

சென்ற டிசம்பரில் சாக்காலாவின் அண்ணன் குட்வெல் இறந்தார். சுரங்கத்தில் வேலை போன பிறகு, அட்டைப்பெட்டியில் விற்கும் சோளக் கள்ளே அவருக்குக் காலை உணவு. சனிக்கிழமைகளில் தம்பி கடைக்கு வருவார், பெஞ்சுக்கு அடியில் தூங்குவார், விழித்ததும் பானா கசூபாவிடம் ஒரு சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு வரிசை நடுவில் ஆடுவார். சபை வாசலை மிதித்துப் பதினான்கு வருடம். தம்பி கூப்பிடும்போதெல்லாம், "நீ அங்க எனக்கு ஒரு எடம் போட்டு வெய்யி" என்று சொல்லிவிட்டுப் போவார். நெஞ்சுச் சளி முற்றி, மழை தொடங்கிய வாரத்தில் போய்விட்டார்.

துக்க வீட்டுச் சமையலுக்கு உதவப் போன பானா கசூபாவிடம் சாக்காலாவின் மனைவி சொல்லியிருக்கிறாள்: மூன்று நாளாக அவர் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசவில்லை. அடக்க ஆராதனையைச் சுருக்கமாக முடிக்கும்படியும், இறந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டாம் என்றும் அவரே போதகரிடம் கேட்டுக்கொண்டார். ஒரே ஒரு முறை வாய்திறந்து, "அண்ணன்கிட்ட ஒரு அடையாளமும் தெரியலையே" என்றார். தெரிந்தெடுக்கப்பட்டவனிடம் அதற்கான அடையாளங்கள் வாழ்நாளில் தெரியும் என்பது அவர் சபையில் சொல்வது.

பானா கசூபா சோறு கிளறிய துடுப்பைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை பிற்பகல் இடுகாடு. செம்மண் ஈரமாக இருந்தது. லாரியிலிருந்து பெட்டியை இறக்கிக் குழிக்கு அருகே வைத்தார்கள். போதகர் ஒரு பத்தி வாசித்தார், ஜெபித்தார், பெட்டி இறக்கும் பட்டைகளை எடுங்கள் என்றார். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பானா கசூபா, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழியின் விளிம்பில் உட்கார்ந்து, அப்படியே உள்ளே சறுக்கினாள். தொப்பென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். கால்களை நீட்டி, முதுகைச் சாய்த்து, கோட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

பின்வரிசைப் பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். பாப்டிஸ்டுகள் தரையைப் பார்த்தார்கள். குட்வெல்லின் மைத்துனருக்கு இந்த வழக்கம் தெரியும். கோழி தருகிறோம் என்றார். கோழி தன் வீட்டிலேயே இருக்கிறது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. இரண்டு கோழி என்றார். அந்த எலிதின்னியைக் கூப்பிடு என்றாள்.

சாக்காலா விளிம்புக்கு வந்தார். மூன்று நாள் தாடி. அவர் அவளைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சபையார் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

"என்னம்மா வேணும் உனக்கு?" என்றார்.

"உங்க அண்ணன் ஆண்டவருக்கு வேண்டாதவன்னு உனக்குத் தெரியுமா? தெரியும்னா இத்தன பேரு முன்னால சொல்லு, எந்திரிச்சுப் போயிடறேன். தெரியாதுன்னா அதச் சொல்லு. ரெண்டுல ஒண்ணு. ஒண்ணுமே சொல்லாம பொதைக்க விடமாட்டேன்."

போதகர் மெல்ல ஏதோ சொல்ல வந்தார். சாக்காலா கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு அவர், தேவனுடைய மறைவான சித்தத்தைப் பற்றி மனிதன் பேசும்போது, என்று தொடங்கினார்.

"பிரசங்கம் வேணாம். இடுப்பு நனையுது."

சாக்காலா பெட்டியைப் பார்த்தார். தினமும் அவளுக்கு மறுபேச்சு வைத்திருப்பவர், பதினொரு வருடத்தில் ஒருநாளும் இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"தெரியாது" என்றார்.

அவள் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள். "பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலயாம்."

"தெரியாதும்மா!" குரல் உடைந்தது. "எனக்குத் தெரியாது. ஆண்டவர் மனசு எனக்கு எப்படித் தெரியும்?"

"அது போதும். தூக்குங்க" என்றாள்.

தூக்குவது அவ்வளவு எளிதாக இல்லை. ஈரமண் சரிந்தது. இரண்டு பேர் கைகொடுத்துத் தோற்றார்கள். கடைசியில் பெட்டி இறக்க வைத்திருந்த பட்டைகளை அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்து நான்கு பேர் இழுத்தார்கள்; ஐந்தாவதாகப் போதகர் புத்தகத்தைப் புல்லில் வைத்துவிட்டு வந்து பிடித்தார். பாதி வழியில் அவள் தொங்கிக்கொண்டிருந்தபோது சாக்காலா, "மெதுவா இழுங்கப்பா, பட்டை அறுந்துடப்போகுது. வயித்துல ஒரு முழுக் குரங்கு இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், சிரிப்பு அழுகையாக மாறி, நெடுநேரம் நிற்கவில்லை. அவர் மனைவி அருகில் போய் நின்றாள். அவள் முகத்தில் நிம்மதி.

அதன் பிறகு யாரும் கேட்காமலே அவர் அண்ணனைப் பற்றிப் பேசினார். கஃபூபு ஆற்றில் வெள்ளம் வந்த ஒரு வருடம், தினமும் காலையில் குட்வெல் அவரைத் தோளில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டதைச் சொன்னார். அண்ணனுக்கு நீச்சல் தெரியாது என்பது தனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது என்றார். பட்டைகளைத் துடைத்துப் பெட்டியை இறக்கினோம். சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்த அடக்கம் இருட்டுவதற்குச் சற்று முன்புதான் முடிந்தது. அன்றிரவு அவர் சாப்பிட்டார் என்று கேள்வி.

மறுநாள் செவ்வாய். காலையில் தூறல், பிறகு வெயில். சாக்காலாவின் கடை திறக்கவில்லை. மூன்று பேர் கால்சட்டை கேட்டு வந்து திரும்பினார்கள். பத்து மணிக்கு ஒரு இளம் போதகர் சைக்கிளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வரிசைக்குள் வந்தார். கடவுள் எல்லோரையும் மீட்க நினைக்கிறார், ஒருவரும் விடுபடவில்லை என்று பானா கசூபாவின் கட்சியையே அறிவித்தார். பானா கசூபா வேர்க்கடலைத் தோலை ஊதிவிட்டுக் கையை உயர்த்தி சைக்கிளை நிறுத்தினாள். "அது உனக்கு எப்படித் தெரியும், தம்பி?" என்றாள். அவர் ஒரு வசனம் சொன்னார். அவள், தன்னை மறுக்க சாக்காலா வழக்கமாகச் சொல்லும் வசனத்தை, அவர் சொல்லும் வேகத்திலேயே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். பிறகு, பிரிக்காத ஒரு மூட்டையைக் காலால் அவர் பக்கம் தள்ளி, உட்காரச் சொன்னாள். அவர் பன்னிரண்டு மணிவரை இருந்தார்.