பின் பலகையில் உட்கார்ந்தவர்

நம்புனா நம்பும், நம்பாட்டிப் போம். நீரு சிரிக்கதுக்குத் தயாரா இருக்கது மூஞ்சியிலயே தெரியுது. ஒம்ம இடத்துல நான் இருந்தாலும் சிரிச்சிருப்பேன் வே. பேய் பிசாசுன்னு எவனாவது வாயெடுத்தா, பஞ்சாலையில நான் பாக்காத பேயாலே, ஒழுங்கா எண்ணெயப் போடுன்னு அதட்டுத ஆளு நான். பேட்டையில பஞ்சரைக்கிற ஆலையில எஞ்சின் ஓட்டிக்கிட்டிருந்தேன். இரும்புக்குச் சூடு தெரியும், எண்ணெ தெரியும், சாமியும் பூதமும் தெரியாதுங்கதுதான் என் கட்சி.

ஒலகம் பூரா நடந்த அந்தப் பெரிய சண்டை ஆரம்பிக்கதுக்கு ரெண்டு வருசம் முந்தி இருக்கும். ஒரு வெள்ளக்காரத் துரை ஆகாயக் கப்பலப் பெட்டி பெட்டியா ரயில்ல கொண்டாந்து பேட்டைக்கு மேக்க வறண்டு கெடந்த கொளத்துக்குள்ள பூட்டுனாரு. மூங்கிக் கம்பு, துணி, கம்பி, நடுவுல ஒரு எஞ்சின், அவ்வளவுதான். இதுவா பறக்கும்னு ஊரே சிரிச்சுது, பறந்துச்சு. வாரத்துக்கு ரெண்டு தரம் பறந்து காட்டுனாரு. எஞ்சின் மக்கர் பண்ணுனப்ப ஆலையிலருந்து என்னையக் கூப்புட்டு விட்டாங்க, நான் போய் ஒரு குழாய ஊதிச் சரி பண்ணிக் குடுத்தேன். அதுலருந்து துரைக்கு எம்மேல ஒரு இது. ஒனக்குப் பறக்கக் கத்துத் தாரேன், பரிச்சையில தேறுனா லைசென்சு வாங்கித் தாரேன், இந்தப் பக்கத்துல மொத ஆளு நீதான்னாரு. ஆலையில காதுல விழுந்த இங்கிலீசு எனக்குக் கொஞ்சம் தெரியும். தலகால் புரியல வே எனக்கு.

வீட்டுல எம்பொண்டாட்டி வடிவு ஏழு மாசம். எங்க சைவ வீடுகள்ல பொண்டாட்டி முழுகாம இருந்தா புருசன் செரைக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, பொணம் தூக்கக் கூடாது. ஆகாயத்துல ஏறக் கூடாதுன்னு எவனும் எழுதி வைக்கல பாத்தீரா, அதான் நான் கண்ட சந்து. ஆனா அவ லேசுப்பட்டவ இல்ல. ஊருக்குள்ள பேச்சு அடிபடவும், "எஞ்சினுக்கு எண்ணெ போடுங்க, வேண்டாங்கல. தரையை விட்டுக் கால எடுக்க மாட்டேன்னு இது மேல கைய வச்சுச் சொல்லுங்க"ன்னு எங்கையப் புடிச்சு வயித்து மேல வச்சுட்டா. சத்தியம் பண்ணுனேன். பண்ணிட்டு மறுநாக் காலையில பொலபொலன்னு விடியும்போது தாடியும் மீசையுமா கொளத்துக்குள்ள போய் நின்னேன். மனசு குறுகுறுத்துச்சு, பொய் சொல்லல. அவளைத் தாலியறுக்க விட்டுட்டுப் போயிரக் கூடாதேன்னு ஒரே நெனப்பு. இருந்தாலும் திரும்பிப் போகலயே.

பாடம் இதுதான். முன் பலகையில நான், பின் பலகையில துரை. எஞ்சின் முதுகுக்குப் பின்னால இரைஞ்சா காது செத்துப் போவும், பேச முடியாது. அதனால துரை தொட்டுத்தான் சொல்லுவாரு. வலது தோள்ல தட்டுனா வலது பக்கம் திருப்பணும். இடதுல தட்டுனா இடது. ரெண்டு தோளையும் அமுக்குனா எறங்கணும். உச்சந்தலையில தட்டுனா எஞ்சின அமத்தணும். என்ன ஆனாலும் பின்னால திரும்பக் கூடாது. திரும்புனா கையில புடிச்ச, வண்டியத் திருப்புத கம்பும் திரும்பும், ரெண்டு பேரும் செத்தோம்னாரு. அன்னைக்குப் பனை ஒசரத்துல ஒரு சுத்து, அவ்வளவுதான்.

வண்டியோட வாலைப் புடிச்சுக்கிட்டு இசக்கியும் ஒம்பது பேரும் நின்னாங்க, எல்லாம் ஆலையில மூட்டை தூக்குத பயலுவ. பலகையில இருக்கவங்க கையத் தூக்குனா வாலை விடணும், அதுதான் அவங்களுக்குச் சொல்லிருந்தது. துரை விசிறியச் சுத்தி எஞ்சினக் கெளப்பிட்டாரு. நான் நேரா கெழக்கப் பாத்து உக்காந்திருக்கேன். பின் பலகை அமுங்கிச்சு. ஆளு ஏறி உக்காந்தா அமுங்கும்லா, அதே மாதிரி. சரி, துரை ஏறிட்டாருன்னு நெனச்சேன். அப்பம் பாத்து எதுக்க நெல்லையப்பர் கோபுரத்துக்குப் பின்னால சூரியன் ஏறுச்சு. சாமி தெரியாதுன்னு இப்பந்தான சொன்னேன், ஆனா பொறந்த நாள்லருந்து கோபுரத்தக் கண்டா கை தானா ஏறிரும் வே. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்புட்டேன்.

வாலை விட்டுட்டானுவ.

கும்புட்ட கைய எறக்கிக் கம்பப் புடிக்கதுக்குள்ள வண்டி குதிச்சு ஓடுது. கட்டியிருந்த வேட்டி படபடன்னு அடிக்கி. தரை எறங்கிப் போச்சு. கத்துனேன், எனக்கே கேக்கல. அப்பம் வலது தோள்ல ஒரு தட்டு. பைய, அவசரமே இல்லாம. வலது பக்கம் திருப்புனேன். உசுரு திரும்பி வந்துச்சு, துரை இருக்காருன்னு. மறுபடி வலது தோள்ல தட்டு. கீழ ஆறு, மணல், குறுக்குத்துறைப் படித்துறையில ஆட்கள் எறும்பு கணக்கா நிக்காங்க. இன்னொரு தட்டு. நான் ஒரு எடத்துல கம்ப ரொம்ப முன்னால தள்ளிட்டேன், வண்டி தலகுப்புறப் போகுது, அப்பம் எங்கை மேல ஒரு கை வந்து பைய இழுத்துச்சு. பாடத்துல அது கெடையாது. பேட்டை தெரிஞ்சுது. ரெண்டு தோளும் அமுங்குச்சு. எறங்குனேன். தலையில தட்டு. அமத்துனேன். கொளத்துக்குள்ள ரெண்டு குதி குதிச்சு நின்னுச்சு.

"துரை, நீங்க இல்லன்னா நான் செத்தேன்"னு அழுதுக்கிட்டே திரும்புனா, பின் பலகையில ஆளு இல்ல.

ஐயோ, எறங்கும்போது குதிச்சதுல துரை விழுந்துட்டாரே, ஒரு மனுசனக் கொன்னுட்டமேன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு வந்த வழியே ஓடுதேன். எதுக்கத் துரை ஓடியாராரு. கையில கண்ணுக்குப் போடுத கண்ணாடி. அத எடுக்கத்தான் ஓலைக் கொட்டகைக்குள்ள போயிருக்காரு, வெளிய வந்தா வண்டி மேல நிக்கி. அவரு ஏறவே இல்ல வே! எஞ்சட்டையப் புடிச்சுக்கிட்டு ஒரே கேள்வியத் திரும்பத் திரும்பக் கேக்காரு: "பின்னால இருந்த ஆளு எங்க?"

இசக்கி ஓடியாந்து எங்கையப் புடிச்சான். "அண்ணாச்சி, துரை தொப்பியோட ஏறி உக்காந்ததப் பாத்துட்டுத்தான விட்டோம். அந்தால கொட்டகைக்குள்ளருந்து இன்னொரு துரை வாராரே"ங்கான். பத்துப் பேரும் அதையே சொல்லுதானுவ. துரை கொளம் பூராவும் அந்த ஆளத் தேடுனாரு. என்னத்தக் கண்டாருன்னு எங்கிட்ட சொல்லவே இல்ல. மறுநாளே வண்டியக் கழத்திப் பெட்டியில அடிச்சு ரயில் ஏறிட்டாரு. லைசென்சும் போச்சு, எல்லாம் போச்சு.

நான் அன்னைக்கு வீட்டுக்குப் போனா வடிவு ஈரத்தலையோட சொவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. குறுக்குத்துறையில குளிச்சுட்டு முருகனக் கும்புட்டுட்டு வந்திருக்கா. போச்சு, பாத்துட்டான்னு தெரிஞ்சு போச்சு. சண்டைக்கு நிப்பான்னு பாக்கேன், நிக்கல. ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"பின்னால இருந்தது யாரு?"

"துரை"ன்னேன். வேற என்ன சொல்ல?

"துரையா? மேல சட்டை இல்ல, தோள்ல துண்டு போட்டிருந்தாரு. நீங்க நேரா பாத்துக்கிட்டுப் போறிய. அவரு குனிஞ்சு அத்தன கூட்டத்துல என்னைய மட்டும் பாத்தாரு. கையக் காட்டி, உக்காரு உக்காருன்னாரு. எனக்கு அப்பந்தான் தல சுத்திக்கிட்டு வந்துச்சு, படியில உக்காந்துட்டேன். இல்லன்னா ஆத்துக்குள்ள விழுந்திருப்பேன்."

அவ வயித்தப் புடிச்சுக்கிட்டு எம்மூஞ்சியவே பாத்தா.

"அந்தக் காத்துல ஒங்க வேட்டி கிழிஞ்சு போற மாதிரி அடிச்சுது. அவரு துண்டு மட்டும் அசையாமக் கெடந்துச்சு."