கைப்பிடி அரிசிக் கச்சேரி

என் அம்மாவுடைய தம்பி ஒரு பாட்டுக்காரர். இப்படிச் சொன்னால் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மீதிப் பேர் சிரிப்பார்கள். சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிடார் வாசிப்பார். அதோடு நின்றிருந்தால் வம்பில்லை. செல்போனில் எதையோ பார்க்கப் போய், ப்ளூஸ் என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார். அமெரிக்காவில் பருத்திக் காட்டில் மாடாக உழைத்த கறுப்பு ஜனங்கள் தங்கள் கஷ்டத்தைப் பாடிய பாட்டாம் அது. "நம்ம பக்கமும் பருத்திக் காடுதான, நமக்கும் கஷ்டத்துக்கு என்ன கொறைச்சல்?" என்பார் மாமா. பாட்டெல்லாம் அவரே தமிழில் கட்டியது.

அந்தப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. முதல் அடியை இரண்டு தடவை பாடிவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போக வேண்டும்.

"மேக்க கருத்திருச்சு மேகம், என் மனசும் கருத்திருச்சு..."

மாமா கண்ணை மூடிக்கொண்டு இதையே இரண்டாம் தடவை இழுக்கும்போது, அடுத்த வரி மறந்துபோய்விட்டது என்று கூட்டம் பதறும். முன்வரிசையில் இருக்கும் யாராவது ஓர் அக்கா, "பரவாயில்ல தம்பி, தண்ணி குடிச்சிட்டுப் பாடுங்க" என்று சொம்பை நீட்டுவார். "காயப் போட்ட வெடி மேல மழை வந்து ஒக்காந்திருச்சு" என்று மூன்றாவது அடி ஒருவழியாக வந்து சேர்ந்ததும், பையனுக்கு ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடுவார்கள்.

இந்தப் பாட்டோடு அவர் போகாத இடமில்லை. நாரணாபுரத்தில் பள்ளிக்கூட ஆண்டுவிழா, ஆலங்குளம் பக்கம் ஒரு கண் சிகிச்சை முகாம், யாரோ திறந்த தண்ணீர்ப் பந்தல். ஆமத்தூரில் ஒரு கல்யாண வீட்டில் மாமா பாட ஆரம்பித்ததும் மணப்பெண் விசும்பி அழுதுவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துப் பஸ் ஏற்றிவிட்டார்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் எச்சில் கையோடு பின்னாலேயே ஓடிவந்து, "எங்க பெரியப்பாவுக்கு முடியாம இருக்கு. ரொம்ப நாள் தாங்காது. சொல்லி அனுப்புறேன், நீங்கதான் வந்து பாடணும்" என்று முன்பதிவு செய்துகொண்டார்.

மாமா எங்கேயும் காசு வாங்கியதில்லை. யாருக்காவது கஷ்டம் என்றால் கிடாரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர்களுக்காகக் கச்சேரி வைத்து, ஊரில் கிடைப்பதைத் திரட்டிக் கொடுப்பார். "பாவம், ஏற்கெனவே கஷ்டப்படுற ஜனம். இவன் வேற போய்ப் பாடணுமாக்கும்" என்பார் என் அப்பா. மாமா எங்கள் வீட்டுக்கு வந்து கிடாரின் கம்பியை முறுக்கத் தொடங்கினாலே அப்பா டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஒரே ஒரு பாட்டையாவது அத்தான் முழுசாகக் கேட்க வேண்டும் என்பது மாமாவுக்குத் தீராத ஆசை.

நான் நாலாவது படித்த வருஷம் அப்பா காலை உடைத்துக்கொண்டார். அவர் ஒரு கம்பெனிக்கு லோடு ஆட்டோ ஓட்டினார். பேப்பர் கட்டு இறக்கும்போது கட்டு சரிந்து காலில் விழுந்து, முழங்கால் வரை மாவுக்கட்டு. வைத்தியச் செலவுக்குக் கேட்டதற்குக் கம்பெனியில், சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். அம்மா வீட்டில் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி ஒட்டுவார். அந்த வருஷம் பார்த்து அதற்கும் ஆர்டர் குறைவு. எனக்கு இதில் ஒரு கஷ்டமும் தெரியவில்லை. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருக்கிறார், கேட்டால் கதை சொல்கிறார், மாவுக்கட்டில் படம் வரைய விடுகிறார். ராத்திரிக்குப் பெரும்பாலும் கஞ்சி. கஞ்சி எனக்குப் பிடிக்கும்.

தொல்லை என்னவென்றால், அப்பாவிடம் யாரும் எதையும் கொடுத்துவிட முடியாது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமையாகத் திரும்பக் கூடாது என்று அம்மாவை விரட்டுவார். என் பெரியத்தை ஒரு மூட்டை அரிசி அனுப்பியபோது, கொண்டுவந்த ஆட்டோவிலேயே அதைத் திருப்பி ஏற்றி, வாடகையையும் தானே கொடுத்தார். அதிலும் மாமாவிடம் ஒரு டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார். பெண் எடுத்த வீட்டில் கை நீட்டக் கூடாதாம்.

ஆகவே மாமா ஒரு திட்டம் போட்டார். நம்ம ஊரில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்துக்காக என்று பெயர் சொல்லாமல் ஒரு கச்சேரி. நுழைவுக் கட்டணம் கைப்பிடி அரிசி. எங்கள் சபையில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்துப் போட்டு, மாதம் ஒரு தடவை சர்ச்சுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். அதையே மாமா கச்சேரிக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலில் ஓர் அண்டா இருக்கும். வருகிறவர்கள் அதில் போட வேண்டும். சேருகிற அரிசியைக் கம்பெனி கொடுத்ததாகச் சொல்லி எங்கள் வீட்டில் இறக்கிவிடுவது என்று அம்மாவும் மாமாவும் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்தக் குடும்பம் எது என்று ஊர் முழுக்கத் தெரியும். அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியாது.

நோட்டீஸை, பிரஸ்ஸில் வீணாய்ப் போன லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் அடித்தார்கள். ஒரு பக்கம் புஸ்வாணம் பொங்கும், மறு பக்கம் 'மனதை உருக்கும் சோகப் பாடல்கள்' என்று இருக்கும். எங்கள் வாசல் கதவில் ஒன்றை ஒட்டச் சொல்லி அப்பாவே பசை கிண்டிக் கொடுத்தார்.

எனக்கு அந்தக் குடும்பத்தை நினைத்து மனசு உருகிப்போயிற்று. "அங்க ஒரு சின்னப் பிள்ளை வேற இருக்கு" என்று மாமா சொல்லியிருந்தார். "எம்புட்டுப் பெரிசு?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒன்னய மாதிரிதான் இருக்கும்" என்றார். அன்றிலிருந்து ராத்திரி குடும்ப ஜெபத்தில் என் முறை வரும்போதெல்லாம் அந்தப் பிள்ளைக்காக ஜெபித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். அப்பா பாதி ஜெபத்திலேயே தூங்கிவிடுகிறவர். ஆமென் சொல்வதற்கு அவரை விலாவில் இடிக்க வேண்டும்.

கச்சேரி வெள்ளிக்கிழமை சாயங்காலம், சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில். கிளம்பும்போதே தகராறு. அம்மா ஒரு கைப்பிடி அரிசி எடுப்பதை அப்பா பார்த்துவிட்டார்.

"என்ன இது, குருவிக்கா போடப் போற? ஒரு குடும்பம் பசியில கெடக்கு. படியால அளந்து எடு."

"இருக்கிறதே ரெண்டு படிதாங்க."

"அவுகளுக்கு அதுவும் இல்லையே."

அம்மா படியை எடுத்தார். ஒரு படி அரிசி எங்கள் பானையிலிருந்து அண்டாவுக்குப் போயிற்று.

மைதானத்தில் அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்து, மாவுக்கட்டுக் காலை இன்னொரு நாற்காலியில் தூக்கி வைத்தார்கள். தெருமுனை மளிகைக் கடை பாய் மைக் பிடித்தார். அண்டா, சாக்கு, தராசு எல்லாம் அவர் கடையிலிருந்து வந்தவை என்பதால் அந்த உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை.

எங்கள் ஊரில் கைதட்டுவது குறைவு. ஒன்று பிடித்துவிட்டால் சரவெடி கொளுத்துவார்கள், அதுதான் மரியாதை. மாமாவோடு படித்தவர்கள் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். நண்பனுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாதென்று பாட்டுக்கு ஒரு சரம் கொண்டுவந்திருந்தார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு முதல் அடியை எடுப்பார், சரம் வெடிக்கும். புகை அடங்கும்போது பாட்டு முடிந்திருக்கும். ஜனங்களுக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது.

பாட்டுக்கு நடுவே பாய், யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று அறிவித்தார். "கீழத்தெரு டீச்சரம்மா ஒரு பூசணிக்காய் குடுத்திருக்காக. டெய்லர் அண்ணாச்சி வீட்ல ஒரு படி உளுந்து." கேட்கக் கேட்க அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கையைத் தூக்கினார்.

"நம்ம வீட்டுச் சேவல்!"

மேடையில் மாமாவின் விரல் கம்பியிலேயே நின்றுவிட்டது. "அத்தான், வேணாம். நீங்க குடுத்ததே சாஸ்தி."

"ஏலே, ஒனக்கா குடுக்கேன்? அந்தப் பிள்ளைக்குக் குடுக்கேன். நீ பாட்டுக்குப் பாடு."

நான் எழுந்து ஓடினேன். அம்மா என் பாவாடையை எட்டிப் பிடித்தார், வழுக்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சேவலை அமுக்கிக் கொண்டுவந்து பாயிடம் கொடுத்தேன். அவர் அதை மேடையின் காலில் கட்டினார். அது ஓர் அடங்காப்பிடாரிச் சேவல். மாமா கம்பியை வளைத்து அழுகிற மாதிரி ஓர் ஓசையை இழுத்தால், அதுவும் கழுத்தை நீட்டிக் கூவியது. அவர் முதல் அடியை இரண்டாம் தடவை பாட, அது மூன்றாம் தடவை பாடியது. "சேவலுக்கும் ஒரு சரத்தைப் போடுங்கலே!" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்பாவுக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. மறுபடியும் கையைத் தூக்கி, "நம்ம வீட்டு மிக்ஸி..." என்று ஆரம்பித்தார். மாமா அவசரமாக அடுத்த பாட்டை எடுத்தார். சரம் வெடித்தது, மிக்ஸி பிழைத்தது. பாட்டு முடிந்ததும், "நம்ம குக்கர்..." என்றார் அப்பா. மாமா மூச்சுக்கூட விடாமல் இன்னொரு பாட்டுக்குத் தாவினார். அப்பாவின் கை எழும்பும்போதெல்லாம் மாமா பாடினார். கட்டிய பாட்டெல்லாம் தீர்ந்து, கிறிஸ்துமஸ் கீதங்களையும் சோகமாக இழுத்துப் பாடினார். கடைசியில் அப்பா "நம்ம கட்டில்" என்று வாயெடுத்தபோது, அம்மா எழுந்து, "ஐயோ, இவுக காலு வீங்குதே!" என்று கத்திக் கச்சேரியை முடித்து வைத்தார். அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். "காலுக்கு ஒண்ணுமில்லலே" என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்.

சேவலை என்ன செய்வது என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அரிசியைக் கம்பெனி கொடுத்தது என்று சொல்லிவிடலாம். எங்கள் வீட்டுச் சேவலையே கம்பெனி கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? இப்போதைக்கு இருக்கட்டும் என்று தன் வீட்டில் கட்டி வைத்தார்.

மறுநாள் காலையில் அது எங்கள் சுவரில் நின்று கூவிக்கொண்டிருந்தது. அறுந்த கயிறு காலில் தொங்கியது. அங்கே அந்தப் பிள்ளை சேவலைக் காணாமல் அழுதுகொண்டிருக்குமே! கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட குடும்பம் என்று எங்களை நினைத்துவிட மாட்டார்களா? சேவலைத் துரத்திப் பிடிக்கப் போனேன்.

அந்த நேரத்தில் மாமா ஓர் ஆட்டோவில் மூட்டைகளோடு வந்து இறங்கினார். அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், "கம்பெனியில குடுத்துவிட்டாக அத்தான். போனஸாம்" என்றார்.

அப்பா மூட்டையின் வாயைப் பிரிக்கச் சொன்னார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார். அதில் பொன்னி இருந்தது, இட்லி அரிசி இருந்தது, ரேஷன் அரிசி இருந்தது, பச்சரிசியும் இருந்தது. கம்பெனி கொடுத்தால் ஒரே ரகமாகத்தான் கொடுக்கும் என்பது மாமாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பூசணிக்காயை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நல்ல கம்பெனி" என்றார் அப்பா. "ஒரு மூட்டைக்குள்ள ஊரையே போட்டு அனுப்பியிருக்கான்."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியத்தை அனுப்பிய மூட்டை என்ன ஆயிற்று என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆட்டோக்காரருக்கும் தெரிந்திருக்கும் போல, அவர் இன்ஜினை அணைக்கவில்லை.

நான் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றேன். "அப்பா, அந்தப் பிள்ளை வீடு எங்கன இருக்கு? சேவலு ஓடியாந்துருச்சு. கொண்டு குடுத்துட்டு வாரேன்."

அப்பா என்னைப் பார்த்தார். என் சட்டையெல்லாம் இறகு. சேவலைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த அரிசியைக் கீழே சிந்தாமல் மூட்டைக்குள் திருப்பிப் போட்டார்.

"அது சேர வேண்டிய எடத்துக்குத்தாம்மா சேந்திருக்கு. கட்டிப் போடு" என்றார். மாமாவிடம் திரும்பி, "மாப்ள, வண்டிய அனுப்பிட்டு உள்ள வா. நேத்து வெடிச் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல. அந்த மேகம் பாட்டைப் பாடு" என்றார்.

மாமா பாடினார். டிவி போடவில்லை. சரம் இல்லை. முதல் அடி இரண்டாம் தடவை வந்தபோது அப்பா துண்டால் கண்ணைத் துடைத்தார். மாமா பாடினால் அப்பாவுக்கு அழுகை வந்துவிடும், அதனால்தான் இத்தனை நாளும் டிவி வைத்திருக்கிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. மாமாவும் எதற்காக அழுதார் என்பதுதான் பிடிபடவில்லை. அவர் பாட்டு அவருக்குத் தெரியாதா என்ன?

அன்று ராத்திரி கஞ்சி இல்லை. பூசணிக்காய்க் குழம்பும் சோறும். சோறு பாதி குழைந்தும் பாதி விறைத்தும் இருந்தது. கட்டுப் பிரித்து அப்பா மறுபடி வண்டியில் ஏறும் வரை எங்கள் வீட்டில் அந்தச் சோறுதான். அம்மாவுக்குச் சமையல் மறந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாப்பிட்டு முடித்து ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். மாமாவும் இருந்தார். என் முறை வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"ஆண்டவரே, கஷ்டப்படுற வீட்டுக்குக் குடுத்த சேவல் எங்க வீட்டுக்கே வந்துருச்சு. அப்பா திருப்பிக் குடுக்க மாட்டேங்காக. நீங்க கோவிச்சுக்கிராதீக. அந்தப் பிள்ளைக்கு வேற ஒரு சேவல் குடுங்க. அவுக வீட்லயும் இன்னைக்கு எல்லாரும் வயிறு நெறையச் சாப்பிட்டிருக்கணும்."

அன்றைக்கு அப்பாவை யாரும் இடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் சொன்ன ஆமென் தெருவில் போகிறவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். என் ஜெபம் அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது என்ற பெருமையோடு நான் தூங்கப் போனேன்.