இரண்டு அங்குலம் பிரித்துவிட்டது

தெருவில் அவளைக் குண்டு டெய்லர் என்றே கூப்பிட்டார்கள். பேருக்குப் பழகிவிட்டிருந்தாள், முழங்கால் வலிக்குத்தான் பழக முடியவில்லை. மெஷினை நாலு மிதி மிதித்தால் கால் கெஞ்சும்.

மூன்று வீடு தள்ளியிருந்த பஸ் கண்டக்டர் பெண், உடம்பைக் குறைக்கும் டிவி போட்டியில் சேர்ந்து ஜெயித்தாள். மேடையில் அவள் அழுதபோது, இங்கே கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டெய்லரும் அழுதாள். மறுநாளே சர்க்கரையை விட்டாள். மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறி இறங்கினாள். தம்பி கேலி செய்ததைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெல்ல மெல்ல முழங்கால் வலி விட்டது. கண்டக்டரின் யூனிஃபார்மை இறுக்கித் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அதில் அவளுக்குத் தனிப் பெருமை.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தெரு அடங்கிக் கிடந்த மத்தியானம் அதே யூனிஃபார்மோடு கண்டக்டர் வந்து நின்றாள். இரண்டு அங்குலம் பிரித்துவிட வேண்டும், யாருக்கும் தெரியக்கூடாது என்றாள்.

தேற்றுவதாக நினைத்து, டெய்லர் வாயை விட்டாள். "உன்னப் பாத்துத்தாம்மா நான் எழுந்து நடந்தேன்."

கண்டக்டரின் முகம் செத்துப்போனது. "எல்லாரும் அதையேதான்க்கா சொல்றாங்க. அங்க சமைக்க ஆள் இருந்துச்சு, ஓட வைக்க ஆள் இருந்துச்சு. இங்க டியூட்டி முடிஞ்சு வந்தா எனக்கு நிக்கவே தெம்பில்ல. தெருவுல இறங்கவே பயமா இருக்கு."

டெய்லர் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். சட்டையை வாங்கிக்கொண்டு போனவள், அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிறகு ஒருநாள், டெய்லர் துணி எடுக்கப் போன பஸ்ஸில் அவளே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரித்துவிட்ட சட்டையும் மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பி, டிவியில் ஜெயித்தது நீங்கள்தானே, என் மகள்கூட உங்களைப் பார்த்துத்தான் ஓடுகிறாள் என்றார்.

"அது எங்க அக்காங்க," என்றாள் கண்டக்டர்.

டெய்லரிடம் வந்தபோது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. டெய்லரும், முன்பின் தெரியாதவள் மாதிரி, இறங்க வேண்டிய இடத்தை மட்டும் சொன்னாள்.