கன்னத்துப் பொட்டும் கேமராவும்

எங்க வீட்டுக்காரர் போட்டோகிராபர். கல்யாண ஆர்டர் இல்லாத நாள்ல அவருக்குப் "புதுசா ஏதாவது ட்ரை பண்ணணும்". மாடல், எங்க எட்டு மாசப் பொண்ணு.

இன்னைக்கு லிந்துலைப் பக்கம் போனோம். தேயிலைக்கு நடுவுல பனிமூட்டம் இறங்கினதும் ஆட்டோவை நிறுத்திட்டார்.

"பச்சைக்கு இந்தக் கலர் ஒட்டல"ன்னு பிள்ளையோட தொப்பியைக் கழற்றினார். பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அடுத்து, கன்னத்துல நான் வச்ச கறுப்புப் பொட்டைக் கைக்குட்டையால துடைச்சார்.

"என்னங்க இது? கண்ணுபடக் கூடாதுன்னு வச்சது!"

"கேமராவுல அழுக்கு மாதிரி தெரியுது. டிகிரி முடிச்சவ, நீயுமா?"

டிகிரி முடிச்சா பயமும் முடிஞ்சிடுமா?

கொழுந்துக் கூடையோட போன அக்கா ஒருத்தங்க நின்னாங்க. "ஏன் தம்பி, ஒங்களுக்கு மட்டும் ஜாக்கெட்டு, தொப்பி எல்லாம் இருக்கு. புள்ளைக்குக் குளிராதா?"

அவர் அவங்களையும் போட்டோ எடுக்கப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை பேஸ்புக்ல போட்டார். சாயங்காலம் லைக் கூடக் கூட, பிள்ளைக்கு இருமலும் கூடுச்சு.

"பொட்டில்லாத முகத்தை ஊரே பார்க்குது, பார்த்தீங்களா?"ன்னு கத்திட்டேன்.

உடனே லேப்டாப்பைத் திறந்தார். டாக்டர் நம்பர் தேடுறாருன்னுதான் நினைச்சேன். கொஞ்ச நேரத்துல, "இப்ப சரியா?"ன்னு திருப்பிக் காட்டுறார்.

படத்துல, பிள்ளை கன்னத்துல, வட்டமா ஒரு பொட்டு!

பொட்டு வச்சது போட்டோவுல இருக்கிற பிள்ளைக்கு. இருமுறது என் மடியில இருக்கிற பிள்ளை.

காலையில டாக்டர்கிட்ட போறோம். அதுவரைக்கும், "செம ஷாட்"னு சொல்றவங்க அவர் பக்கத்துக்குப் போங்க. பிள்ளை பெத்தவங்க மட்டும் இங்க வாங்க.