புதுப் பலகைக்குக் குடிவந்த குரல்

அலுவலகத்தில் அவளுக்குக் ‘குடிமாற்றி’ என்று பட்டப்பெயர். ஒரு கணினிக்கு எழுதிய நிரலைப் பெயர்த்து வேறொன்றில் ஓடவைப்பதுதான் வேலை. அதிகம் பேசமாட்டாள். ஆனால் வீட்டில் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். பார்வை இழந்த அக்காவோடு இருந்து இருந்து அப்படியே பழகிவிட்டது.

அக்கா பள்ளி ஆசிரியை. எழுத்தைப் படித்துச் சொல்லும் அவளுடைய கருவி செத்துப்போயிற்று. அந்த ரகம் இப்போது வருவதில்லை. திங்கட்கிழமைக்குள் கட்டுரைகளைத் திருத்தாவிட்டால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

“நான் படிச்சுக் காட்டறேனே.”

“பிள்ளைங்க என்னை நம்பி என்னென்னவோ எழுதுதுங்க. நீ படிக்கக் கூடாதுடி.”

ஆகவே, முகம் தெரியாத பலர் எழுதிவைத்த பேச்சு நிரலை, உள்ளங்கை அளவுப் புதுக் கணினிப் பலகைக்குக் கொண்டுவரத் தங்கை உட்கார்ந்தாள்.

ஞாயிறு மதியத்துக்குள், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் கொட்டிய பிழைகள் ஒருவழியாகத் தீர்ந்தன. துண்டுகளையெல்லாம் கோத்து ஒன்றாக்கும் லிங்கர்தான் முரண்டு பிடித்தது. ஒலி எழுப்பும் பகுதியைக் காணவில்லையாம். அதுவோ கண்ணெதிரே இருந்தது.

“எனக்குத்தான் கண்ணு தெரியல. உன் மெஷினுக்குமா?”

“சும்மா இரு, அக்கா.”

கொடுத்த கட்டளையை வாய்விட்டுப் படித்தாள். “முதல்ல நம்ம நிரல். அப்புறம் ஒலித் தொகுப்பு. அப்புறம் பேச்சுத் தொகுப்பு...” சட்டென்று நிறுத்தினாள்.

“என்னடி?”

“இந்த லிங்கர் வரிசையா ஒரே தடவைதான் போகும்கா. ஒலிகிட்ட வந்தப்போ அதை யாரும் கேக்கல, விட்டுட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறம்தான் பேச்சு வந்து அதைக் கேக்குது. திரும்பிப் பாக்காது.”

“அடுப்பே பத்தவைக்கல, அதுக்குள்ள உப்பு வேணுமான்னு கேட்டுட்டுப் போயிடுச்சா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒலித் தொகுப்பின் பெயரைக் கடைசிக்கு நகர்த்தினாள். லிங்கர் மூச்சுக் காட்டாமல் முடித்தது.

பலகையில் ஒலிபெருக்கியைச் செருகி, முதல் கட்டுரையைத் திறந்தாள். “எங்கள் வீட்டில்...” என்று ஒரு குரல் தொடங்கியதும் அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயிரக்கணக்கான வரிகள். எழுதியவர்களில் ஒருவரும் இந்த அறையைப் பார்த்ததில்லை, அக்கா என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. ஆனாலும் இழை பிசகாமல் எல்லாம் வந்து பொருந்தி, இதோ, மேசைமேல் பேசுகிறது.

அக்கா கைநீட்டி, பலகையிலிருந்த பொத்தானை அழுத்திக் குரலை நிறுத்தினாள். விரல்கள் பலகையை விட்டு அகலவில்லை.

“நீ வெளிய போடி,” என்றாள்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள். உள்ளே குரல் மறுபடி தொடங்கியது. சொற்கள் காதில் விழாத தூரத்துக்கு நகர்ந்து நின்று, அந்த ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.