ஃபாலோ பண்ணவா என்று கேட்ட அக்கா

ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். ‘ஃபாலோ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் புத்தகத்தில் என்ன அர்த்தமோ, தெரியாது. எங்கள் ஊரான கிள்ளானில் அதற்கு, போகிறவர்களோடு கூடவே காரில் ஏறி வருவது என்று அர்த்தம்.

தீபாவளித் துணி வாங்க மருமகள் என்னை மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குக் காரில் கூட்டிப்போக இருந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, “நானும் ஃபாலோ பண்ணவா? ஒரு மூலையில உட்கார்ந்துக்குவேன்லா” என்றார். தனியாக இருப்பவர், முட்டி வலி வேறு. மருமகளிடம் கேட்கக் கூச்சப்பட்டு, “கார் ஃபுல் அக்கா” என்று சொல்லிவிட்டேன்.

காரில் நாங்கள் இரண்டே பேர். அக்கா வாசலில் குப்பைத்தொட்டியை இழுத்துக்கொண்டிருந்தார். காலியான பின்சீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கையாட்டினார். நான் குனிந்துகொண்டேன்.

வழியில் மருமகளிடம் சொன்னேன். “ஐயோ அத்தை, கூப்பிட்டிருக்கலாமே!” என்றாள்.

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலுக்குக் கிளம்பும்போது நானே அவர் வீட்டுக்குப் போய், “கோயிலுக்கு ஃபாலோ பண்றீங்களா அக்கா?” என்று கேட்டேன்.

“வேண்டாம்மா, நான் ரயில்லயே வந்துக்கிறேன்” என்று சிரித்தார்.

வந்தும்விட்டார். கோயில் படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சொன்னது பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை.