ஜஹனாராவின் தேவதாரு

நான் தறிக்காரி. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் என் பாவு இழை அறாது. பக்கத்துப் பட்டறை ஜஹனாராவுக்கோ ஈரமே ஆகாது. வானம் மூட்டம் போட்டால் நான் சிரிப்பேன், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். மற்றபடி எங்களுக்குள் சண்டை கிடையாது.

அவள் வீட்டுக்காரர் ஜான் பாஷா தச்சர். மரம் வாங்குவதும் அறுப்பதும் அவர், காயவைப்பது அவள். பச்சையாக வரும் தேவதாருப் பலகைகளைக் கொட்டகை நிழலில், நடுநடுவே காற்று போகச் சட்டம் கொடுத்து அடுக்குவாள். முனை வெடிக்காமலிருக்க மெழுகு தடவுவாள். அவசரப்பட்டு ஈரத்தோடு சாமான் செய்தால், அது வீட்டுக்குள் வந்தபிறகு காய்ந்து மூட்டெல்லாம் வாய் பிளந்துவிடும்.

இந்த அடுக்கு அவளுடைய கட்டிலுக்கு. முட்டி தேய்ந்துவிட்டது, தரையில் படுக்கவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். பாயிலிருந்து எழ அவள் படும் பாடு எனக்குத் தெரியும். முன்பும் அவள் கட்டிலுக்கென்று மரம் காய்ந்தது. காய்ந்ததும் யாராவது வந்து கேட்பார்கள். இல்லையென்று சொல்ல ஜான் பாஷா பாய்க்கு வாய் வராது, கொடுத்துவிடுவார். ஊருக்கெல்லாம் கட்டில் செய்கிற அந்த மனுஷன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மதியத்தில் அடுக்கின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். "கமலவேணிக்கா, இந்த வாசனைல நான் எங்கியோ மலைமேல மெதந்துக்கினு இருக்கிறேன். பனியா கொட்டுது" என்பாள். பக்கத்து ஊர் ஏனாத்தூரைத் தாண்டிப் போனதே அபூர்வம், இவளுக்குப் பனி! ஆனால் அவள் சொல்லச் சொல்ல என் தறிச் சத்தமே எனக்குத் தூரத்தில் கேட்கும். கட்டிலை ஜன்னலோரம் போடணுமாம். காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கணுமாம்.

அவ்வப்போது ஒரு துண்டுப் பலகையைக் கொண்டுவந்து என் பட்டு நூல் தராசில் வைப்பாள். ஒவ்வொரு முறையும் எடை குறைந்தது. போன வாரம் குறையவில்லை.

"காஞ்சிடுச்சுக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளே பட்டுக்கடை ராஜகோபால் வந்து நின்றார். சேலை அடுக்கத் தேவதாரு அலமாரி வேண்டுமாம், பூச்சி அண்டாதாம்.

"கல்யாண சீசன் பாய். உடனே வேணும்."

பாய் தலையைச் சொறிந்தார். "சரி சார், இந்தப் பலகைய..."

ஜஹனாரா மெல்ல நடந்துபோய் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள். "அது வித்தாச்சு சார்."

"யாருக்கும்மா?"

"எனக்கு."

நான் ஓட்டிக்கொண்டிருந்த தறி நாடாவை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். ராஜகோபால் பாயைப் பார்த்தார். பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற மரம் வர்ற வரைக்கும் பொறுங்க சார்" என்றார் ஒருவழியாக.

ராஜகோபால் போனதும் பாய் டேப்பை உருவினார். பலகையை அளக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"உன் உயரம் எவ்ளோமா?" என்று அவளைக் கேட்டார்.

இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. பலகைகளில் கையூன்றி எழுந்து, முட்டி வலிக்க வலிக்க, அவள் நேராக நின்றாள்.